மாமனார் பணம் டெபாசிட் ஆன கதை

2014 மே மாதம். லேத்தில் ஒரு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். "சார், உங்க பேலன்ஸ் ஷீட்ல மாமனார் பேர்ல 6 லட்சம் நிக்குதுங்களே, அதைத் திருப்பிக் குடுக்க வழி பாருங்க. புதுச் சட்டப்படி அது டெபாசிட்."

டெபாசிட் என்றால் எனக்குத் தெரிந்தது பேங்கில் போடுவது, இல்லையென்றால் கரண்ட் இணைப்புக்கு மின்வாரியத்தில் கட்டுவது. மாமனார் கொடுத்தது கைமாத்து. பழைய சிஎன்சி மெஷின் ஒன்று நல்ல விலைக்கு வந்தது, பேங்க் லோன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தது, தோப்புக் குத்தகைப் பணம் கையில் இருந்ததால் அவர் செக் எழுதிக் கொடுத்து, "மொதல்ல மெஷினை எறக்குங்க மாப்ளை, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வட்டி பேசவில்லை, பத்திரம் எழுதவில்லை. செக்காக வாங்கியதால் கம்பெனிக் கணக்கில் நேர்மையாக ஏறியது. ரொக்கமாக வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பம்புக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற பட்டறை, 14 பேர் வேலை செய்கிறார்கள். பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் இருப்பது பெருமைக்காக அல்ல. எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு பெரிய இடத்தில், கம்பெனியாகப் பதிவு செய்தால்தான் வெண்டர் கோடு தருவோம் என்றார்கள், செய்தோம். இயக்குநர்கள் நானும் மனைவியும். போர்டு மீட்டிங் பெரும்பாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கும், கோரம் பிரச்சினை இருக்காது.

பழைய 1956 கம்பெனிச் சட்டத்தில் பிரைவேட் கம்பெனி தன் உறுப்பினர்கள் (பங்குதாரர்கள்), இயக்குநர்கள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரிடம் பணம் வாங்கலாம் என்று இருந்தது. என் மனைவி இயக்குநர், அவள் அப்பா அவளுக்கு உறவினர், ஆகவே சரி. 2013-ல் புதுக் கம்பெனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2014 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த விதிகளில் இயக்குநர் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது, உறவினர் என்ற சொல் காணாமல் போயிருந்தது, ஆகவே மாமனார் பணம் டெபாசிட் ஆகிவிட்டது, அதை வைத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கியதை ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், நடுவில் அதற்கு ஒரு படிவம் வேறு. நான் பேங்க் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வட்டியில்லாப் பணம் போய் வட்டிப் பணம் வந்தது, பேங்குக்குக் கொண்டாட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2015 செப்டம்பரில் விதியைத் திருத்தி, பிரைவேட் கம்பெனி இயக்குநரின் உறவினர் கொடுக்கும் பணம் டெபாசிட் ஆகாது என்று திரும்பச் சேர்த்துவிட்டார்கள். கடன் வாங்கிக் கொடுத்த பணம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும். ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீடித்த ஒரு விதி. மாமனாரிடம் சொன்னேன். "அப்ப மறுபடியும் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். அதற்குள் அந்தப் பணத்தில் அவர் போர் போட்டிருந்தார்.

இந்தியாவில் ஒரு குடும்பக் கம்பெனிக்கு முதல் பணம் எங்கிருந்து வருகிறது என்று எந்த ஊர்த் தொழில்பேட்டையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நகை, மச்சான், மாமனார், அப்புறம்தான் பேங்க். யாரும் கேட்கவில்லையா?

கேட்டார்கள் என்பதுதான் கஷ்டமான விஷயம். இந்தச் சட்டம் ஒரே ராத்திரியில் வந்ததில்லை. 2004-ல் கருத்துருவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்த வருடக் கடைசியில் ஜே.ஜே. இரானி தலைமையில் நிபுணர் குழு, 2005 மே மாதம் அறிக்கை. 2008-ல் மசோதா, மக்களவை கலைந்ததால் அதுவும் காலாவதி. 2009-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு பார்த்தது, 2011-ல் புது மசோதா, அதுவும் நிலைக்குழுவுக்குப் போனது, 2012 டிசம்பரில் மக்களவை, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை. கிட்டத்தட்ட 9 வருடப் பேச்சு. இரானி குழு சின்னக் கம்பெனிகளுக்குச் சட்டச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது, ஒரு நபர் கம்பெனி என்ற யோசனையும் அங்கிருந்து வந்ததுதான். நடுவில் 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி வெடித்தது. 2013-ல் சாரதா சீட்டு விவகாரம். பணத்தைச் சுருட்டுகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்கிற பயத்தில் கைகள் இறுகிவிட்டன, அதில் நியாயமும் உண்டு. ஆனால் வலையின் கண்ணைச் சின்னதாகப் பின்னினால் சுறாவோடு அயிரை மீனும் மாட்டும்.

இன்னொன்று, இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. 470 பிரிவுகள் உள்ள அந்தச் சட்டத்தில் எங்கே பார்த்தாலும் "விதிகளில் சொல்லியபடி" என்று வரும். பேச்சு முழுக்க மசோதாவைப் பற்றி. எங்கள் தலையில் விழுவது விதி. எந்தப் படிவம், எத்தனை நாள், என்ன கட்டணம், யார் கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கிறது. வரைவு விதிகளை 2013 செப்டம்பரிலிருந்து தவணை தவணையாக வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள் என்பது உண்மை. இறுதி விதிகளில் பெரும்பகுதி மார்ச் கடைசி வாரத்தில் வந்தது, ஏப்ரல் 1-ல் அமல். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு பட்டறைக்காரன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று தெரியாத ஒருவர்தான் அந்தத் தேதியை முடிவு செய்திருக்க முடியும்.

இதே 2014 பிப்ரவரி 5-ஆம் தேதிதான் மத்திய சட்ட அமைச்சகம் ஒரு கொள்கையைச் சுற்றுக்கு விட்டது. எந்தச் சட்ட வரைவையும், சட்டத்துக்குக் கீழே வரும் விதிகளையும் சேர்த்து, குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், அதோடு எளிய மொழியில் விளக்கக் குறிப்பு இருக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர்கள் மேல் என்ன விளைவு என்று சொல்ல வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும். படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனால் அது சட்டம் இல்லை, கொள்கை. மீறினால் தாமதக் கட்டணம் கிடையாது.

தாமதக் கட்டணம் என்றதும் நினைவு வருகிறது. 2018 ஜூலையிலிருந்து ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கைப் படிவத்தையும் தாமதமாகப் போட்டால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு ரூ.100, உச்சவரம்பு இல்லை. அதற்கு முன் சாதாரணக் கட்டணத்தின் மடங்கில் போகும், அதிகபட்சம் 12 மடங்கு. எங்கள் மூலதனத்துக்குச் சாதாரணக் கட்டணம் ஒரு படிவத்துக்கு ரூ.300. ஒரு வருடம் தவறினால் இப்போது இரண்டு படிவத்துக்கும் சேர்த்து ரூ.73,000. ஆயிரம் கோடி கம்பெனிக்கும் இதே ரூ.73,000தான். அவர்களுக்கு அது மதியச் சாப்பாட்டு பில், எங்களுக்கு மூன்று ஹெல்ப்பர்களின் மாதச் சம்பளம். கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்போம்: தாமதத்துக்குக் கட்டணம் போடுங்கள், ஆனால் ஆளைப் பார்த்துப் போடுங்கள்.

"அல்லது" விவகாரம் தெரியுமா உங்களுக்கு? எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 2013 சட்டத்தில் சலுகை பெறும் சிறிய கம்பெனி என்றால் செலுத்தப்பட்ட மூலதனம் 50 லட்சத்துக்குள், அல்லது விற்றுமுதல், அதாவது வருட வியாபாரம், 2 கோடிக்குள் என்று இருந்தது. அல்லது. எங்கள் ஊரில் பாதிக் கம்பெனிகள் 1 லட்சம் மூலதனத்தில் ஆரம்பித்து, நூறு கோடி வியாபாரம் ஆன பிறகும் அந்த 1 லட்சத்தைத் தொடாதவை. "அல்லது" என்று எழுதினால் அவர்களும் சிறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். 2015 பிப்ரவரியில் தனி ஆணை போட்டு "அல்லது" என்பதை "மற்றும்" என்று மாற்றினார்கள். 9 வருடம், ஒரு நிபுணர் குழு, நிலைக்குழு இரண்டு முறை, எல்லாவற்றையும் தாண்டி அந்த ஒரு சொல் வந்திருக்கிறது. எங்கள் டீக்கடை பெஞ்சில் அந்த வரியைச் சத்தமாகப் படித்திருந்தால் டீ ஆறுவதற்குள் பிடித்திருப்பார்கள்.

2015 ஜூன் 5-ல் இன்னொரு அறிவிப்பு. பிரைவேட் கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, அந்தப் பிரிவு இப்படி மாற்றிப் பொருந்தும் என்று ஒரு நீண்ட பட்டியல். உறுப்பினர்களிடம் பணம் வாங்குவது, இயக்குநருக்குக் கடன், போர்டுத் தீர்மானங்களைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது, எல்லாம் அதில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் பிரைவேட் கம்பெனிக்கான குறைந்தபட்ச மூலதனம் 1 லட்சம் என்பதையும் எடுத்திருந்தார்கள். நல்ல விஷயம், நன்றி. ஆனால் அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், 2013-க்கு முன்பே எங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் அது.

நான் சொல்ல வருவது இதுதான். எங்களிடம் கேட்காமல் இல்லை, கேட்கிறார்கள், ஆனால் சட்டம் வந்த பிறகு கேட்கிறார்கள். அதுவும் வாயால் இல்லை. ஒரு விதி வரும், தேதி வரும், பாதிப் பேர் செய்ய முடியாமல் நிற்பார்கள், தேதி தள்ளிப்போகும். அந்தத் தள்ளிப்போவதுதான் எங்கள் பதில். கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று 2021 மார்ச் 24-ல் விதி வந்தது. ஏப்ரல் 1-லிருந்து அமல், எண்ணி 8 நாள். பிறகு 2022 ஏப்ரல் என்றார்கள், பிறகு 2023 ஏப்ரல் என்றார்கள். சிறிய கம்பெனிக்கும் இதில் விலக்கில்லை. எங்கள் கணக்குப் பையன் சனிக்கிழமை மத்தியானம் வந்து வாரத்தின் பில்களை டேலியில் ஏற்றுவான், தப்பை அடுத்த சனிக்கிழமை திருத்துவான். அவன் திருத்துவதில் மோசடி இல்லை, அவன் கையெழுத்தை அவனாலேயே படிக்க முடியாததுதான் காரணம். இப்போது அந்தத் திருத்தமெல்லாம் வரிசையாக நிற்கிறது. விதி தப்பு என்று சொல்லமாட்டேன், பெரிய இடங்களில் கணக்கைப் பின்தேதியிட்டு மாற்றுவதைத் தடுக்க அது வேண்டும்தான். ஆனால் 8 நாள்?

2019-ல் போட்டோ கேட்டார்கள். கம்பெனி முகவரியாகப் பதிவு செய்த அலுவலகத்தின் வெளிப்புறம் ஒன்று, உள்ளே இயக்குநர் நிற்பதுபோல் ஒன்று, அட்சரேகை தீர்க்கரேகையோடு. போலிக் கம்பெனிகளைப் பிடிக்க. 2017-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, சுமார் 3 லட்சம் இயக்குநர்களைத் தகுதியிழக்கச் செய்த கையோடு வந்த சூடு அது. தவறினால் ரூ.10,000. எங்கள் பதிவு அலுவலகம் வீட்டு முன் அறை. நான் சோபா பக்கத்தில் நிற்கிறேன், பின்னால் பையனின் கிரிக்கெட் மட்டை, சுவரில் கல்யாணப் போட்டோ. கம்பெனி விவகாரங்களைப் பார்க்கும் சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி) மேடம் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சார், ஆபீஸ் மாதிரி தெரியலையே" என்றார். ஆபீஸே அதுதான் மேடம் என்றேன். கடைசியில் தினத்தந்தி காலண்டரை மட்டும் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடுத்தோம். அதிலும் கடைசித் தேதி ஏப்ரலிலிருந்து ஜூனுக்குப் போனது, சொல்லவே வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏசி மண்டபம், மேடையில் நான்கு பேர், ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷில். முன் மூன்று வரிசையில் ஆடிட்டர்களும் சிஎஸ்களும். எங்களைப் போன்றவர்கள் பின்னால், போனில் டிஸ்பேட்ச் பார்த்துக்கொண்டு. கேள்வி நேரத்தில் முன்வரிசைக்காரர்கள் பிரிவு எண்ணைச் சொல்லி, உட்பிரிவைச் சொல்லி, அதில் ஒரு கமாவைப் பற்றிக் கேட்டார்கள், மேடையும் உற்சாகமாகப் பதில் சொன்னது. கடைசியில் உலோகம் வார்க்கும் ஒரு பவுண்டரிக்காரர் எழுந்து, பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுத்து 5 மாதமாகப் பணம் வரவில்லை, ஆனால் ஜிஎஸ்டியை நான் முன்னாடியே கட்டிவிட்டேன், இதுக்கு ஒரு சட்டம் போடுங்க சார் என்றார். மேடையில் ஒருவர் சிரித்தபடி, அது எங்கள் துறை இல்லை என்றார். மண்டபமும் சிரித்தது. நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது ஒரு மாதிரி இருக்கிறது. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி கம்பெனிச் சட்டத்துக்குள்ளேயே வருகிற விஷயம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் அதை அரையாண்டுக்கு ஒருமுறை பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2019-லேயே ஆணை வந்தது. அவர் அதைப் படிவ எண்ணோடு கேட்கவில்லை, பசியோடு கேட்டார். துறை வாரியாகக் கஷ்டப்பட எங்களுக்குத் தெரியாது.

இப்போது இணையவழி வந்துவிட்டது. 2021 மே மாதம் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் இணையதளம் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது மின்-கலந்தாய்வு என்று ஒரு பகுதி சேர்த்தார்கள். வரைவைப் போடுவார்கள், வடிவமைத்த முறையில் கருத்தைப் பதியலாம், வருகிற கருத்துகளைச் செயற்கை நுண்ணறிவு வகைபிரித்து அவற்றின் மனநிலையையும் கணிக்கும் என்று அறிவித்தார்கள். நான் கோபமாக இருக்கிறேனா சந்தோஷமாக இருக்கிறேனா என்று மெஷின் சொல்லிவிடும். சரி. ஆனால் நான் முதலில் அங்கே போக வேண்டுமே. அங்கே இருக்கும் வரைவு இங்கிலீஷில், "பிரிவு 73, உட்பிரிவு 2, கூறு இ-யில் உள்ள சொற்களுக்குப் பதிலாக" என்கிற பாணியில். அப்படி எழுதினால்தான் சட்டம் ஆகும், புரிகிறது. கூடவே அரைப் பக்கம், "உங்கள் மாமனாரிடம் இனிமேல் பணம் வாங்க முடியாது" என்று தமிழில் ஒரு வரி? 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது, மத்திய அரசு அதை எதிர்த்தது. கம்பெனிச் சட்டத்துக்கு அப்படி ஒரு வழக்கு போடக்கூட எங்கள் பக்கம் யாருக்கும் நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத் தப்பையும் சொல்ல வேண்டும். எனக்கு வரைவு வாட்ஸாப்பில் வந்திருக்கிறது, சங்கத்துக் குழுவில் பிடிஎஃப் ஆக, 3 தடவை. "படிக்கணும்" என்று நட்சத்திரம் போட்டு வைத்தேன். அந்த நட்சத்திரப் பட்டியலில் அதற்கு மேலே ஒரு மூட்டுவலி வைத்தியமும் கீழே ஒரு மெஷின் ஏல அறிவிப்பும் இருக்கின்றன, மூன்றையும் இன்னும் திறக்கவில்லை. ஆகவே எங்களுக்குப் பதிலாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பேச்சுதான் எங்கள் பேச்சாகப் பதிவாகிறது. 2021 செப்டம்பரில், ஆடிட்டர்களை மேற்பார்க்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள சின்னக் கம்பெனிகளுக்குக் கட்டாயத் தணிக்கை தேவையா என்கிற கேள்வி. ஆடிட்டர் சமூகம் கொதித்தது, இயல்புதானே, அவர்கள் சோறு. எனக்கும் ஒரு ரெடிமேட் கடிதம் வந்தது, "கட்டாயத் தணிக்கை எங்கள் தொழிலுக்கு இன்றியமையாதது" என்று, கீழே கையெழுத்துப் போட்டால் போதும். நான் போடவில்லை. ஆனால் எதிர்த்தும் எழுதவில்லை. ஏனென்றால் தணிக்கை செய்யாத கணக்கைக் காட்டினால் என் பேங்க் மேனேஜர் ஓடி புதுப்பிக்க மாட்டார், சட்டம் வேண்டாம் என்றாலும் அவர் வேண்டும் என்பார். இதை அந்தத் தாளுக்குப் பதிலாக எழுதியிருக்க வேண்டியவன் நான். எழுதவில்லை, அன்றைக்கு மெஷினில் ஒரு ஸ்பிண்டில் போய்விட்டது.

அப்புறம் சின்னவர்கள் எல்லாரும் ஒரே கட்சி இல்லை, இதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். ஒரு பிரைவேட் லிமிடெட்டுக்கு 2,80,000 ரூபாய்க்குச் சரக்கு கொடுத்தேன். பணம் வரவில்லை, ஷட்டர் இறங்கிவிட்டது, இயக்குநர் போனை எடுக்கவில்லை. அப்போது நான் முதலில் செய்தது அமைச்சகத் தளத்தில் ரூ.100 கட்டி அந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைத் தேடியதுதான். 3 வருடமாகத் தாக்கலே செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு நாளுக்கு ரூ.100 கட்டணம் குறைவாகத் தெரிந்தது, ஆயிரம் போட வேண்டும் என்று மனைவியிடம் கத்தினேன். "நம்ம போன வருசம் கட்டுனப்ப வேற மாதிரி பேசுனீங்களே" என்றாள். கொடுக்க வேண்டியவனாக இருக்கும்போது ஒரு சட்டம், வாங்க வேண்டியவனாக இருக்கும்போது ஒரு சட்டம். இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்காருகிற ஒருவனைத்தான் கேட்க வேண்டும், பெரும்பாலான சிறு தொழில்காரர்கள் அப்படித்தான்.

பிரிட்டனில் 1998-ல் கம்பெனிச் சட்ட மறுஆய்வு ஒன்றை ஆரம்பித்து 2001-ல் முடித்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒரு தலைகீழ் மாற்றம். பெரிய பப்ளிக் கம்பெனிக்குச் சட்டம் எழுதிவிட்டு, சின்னவனுக்கு விலக்கு விலக்கு என்று அடிக்குறிப்பு போடாமல், முதலில் சின்னவனுக்கு எழுது, பெரியவனுக்கு வேண்டியதைக் கூட்டிக்கொள் என்றார்கள். 2006-ல் வந்த சட்டத்தில் பிரைவேட் கம்பெனிக்கு ஆண்டுப் பொதுக்கூட்டமும் கட்டாயமில்லை, செயலரும் கட்டாயமில்லை. சின்னவனை முதலில் நினைத்து எழுதிய அந்தச் சட்டம் 1,300 பிரிவு என்பது வேறு விஷயம். இங்கே இன்னும் விலக்கு வழிதான். சிறிய கம்பெனி வரம்பை 2021-ல் 2 கோடி மூலதனம், 20 கோடி விற்றுமுதல் என்றும், 2022-ல் 4 கோடி, 40 கோடி என்றும் உயர்த்தினார்கள். எங்களுக்கு ஆண்டறிக்கைப் படிவம் சுருங்கியது, அது நிஜமான உதவி, சிஎஸ் மேடம் கட்டணத்தைக் குறைக்கவில்லை என்றாலும்.

என்னைக் கேட்டால், வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன், அது முன்வரிசைக்காரர்களுக்கு வேண்டும். ஆனால் வரைவு எழுதுவதற்கு முன்பே யாராவது ஒருவர், கோயம்புத்தூரிலேயே கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, அங்கிருந்து இரண்டு பேர் வந்தால் போதும், பட்டறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சட்டத்தைப் பற்றிப் பேசாமல் போன வருடத்தைப் பற்றிக் கேட்கலாம். எத்தனை படிவம் போட்டீர்கள், யார் போட்டது, எவ்வளவு கொடுத்தீர்கள், எது எதற்கு என்று உங்களுக்குத் தெரியுமா, அவசரத்துக்குப் பணம் யாரிடம் வாங்குவீர்கள், யார் உங்களை ஏமாற்றினார்கள். அக்டோபரில் வர வேண்டாம், மார்ச்சில் வரவே வேண்டாம். ஆடி மாதம் வந்தால் ஆர்டர் குறைவு, சாவகாசமாகப் பேசலாம்.

போன வருடம் சிநேகிதன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி, வருடத்துக்கு ஒன்றரைக் கோடி வியாபாரம். அதில் 60 சதவீதப் பங்கு அவர்களுடைய இன்னொரு கம்பெனியின் பெயரில். இன்னொன்றின் துணை நிறுவனமாக இருந்தால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சட்டப்படி அது சிறிய கம்பெனி இல்லை. ஆகவே 2023 அக்டோபரில் வந்த விதிப்படி அதன் பங்குகளைக் காகிதத்திலிருந்து டீமேட்டுக்கு, அதாவது மின்னணுக் கணக்குக்கு, மாற்ற வேண்டும். 2024 செப்டம்பர் வரை கெடு, முடியவில்லை, 2025 ஜூன் வரை தள்ளினார்கள், ஜூன் கடைசி வாரத்தில் முடித்தான். பங்குக்கு அடையாள எண் வாங்கி, பங்குக் கணக்கைப் பார்க்கும் பதிவாளர் முகமை ஒன்றை அமர்த்தி, வீட்டில் ஆளுக்கொரு டீமேட் கணக்கு, கம்பெனிக்கு ஒன்று. எல்லாம் முடிந்த அன்று ராத்திரி அவன் மனைவி போனில் அந்தக் கணக்கைத் திறந்து, அவர்கள் கம்பெனியின் பெயர் வந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"ஏனுங்க, அப்ப இனிமே இதை விக்கலாங்களா?"

"யாருக்கு?"

"அதைத்தான் கேக்கறேன்."